அழையா விருந்தாளிகள் வரும் பூங்காக்கள்

ஏப்ரல், மே மாதங்களில் வெளியூர் உறவினர் வராத சென்னை வீடு அநேகமாக இருக்காது. வருகிறவர்கள் பார்க்க விரும்பும் இடங்களில் மெரினாவுக்கும் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலுக்கும் அடுத்தபடியாக வண்டலூர் உயிரியல் பூங்கா இருக்கும். பிள்ளைகள் உள்ள குடும்பமென்றால் வண்டலூருக்கே முதலிடம். அவர்களை அழைத்துச் செல்வதில் எனக்குச் சலிப்பு வந்ததில்லை. ஆனாலும், கத்திரி வெயிலில் நண்பகல் வேளையில் போய் நின்று, சிங்கம் தூங்குகிறது, கரடி வெளியே வரவில்லை, புலி இருக்க வேண்டிய இடத்தில் புல்தான் இருக்கிறது என்று குறைபட்டுக்கொண்டு பேட்டரி வண்டிக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தைக் கண்டால், இவர்களை வேறொன்றைப் பார்க்கச் சொல்ல வேண்டுமே என்று தோன்றும். எனக்குப் பிடித்த உயிரியல் பூங்காக்களைப் பற்றி எழுதும் சாக்கில் அந்த வேறொன்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் அளவுகோல் சற்று விசித்திரமானது. ஒரு பூங்காவில் எத்தனை இன விலங்குகள் உள்ளன, வெள்ளைப்புலி உண்டா, ஒட்டகச்சிவிங்கி உண்டா என்பவை எனக்கு இரண்டாம்பட்சம். யாரும் பிடித்துக் கொண்டுவராமல் தாமாகவே வந்து அங்கே குடியேறியிருக்கும் உயிர்கள் எவை என்றுதான் முதலில் தேடுவேன். நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு பூங்காவும் தன்னிடமுள்ள விலங்குகளின் பிறப்பு, இறப்பு, வரவு, அனுப்புகை ஆகியவற்றுக்குக் கணக்கெழுதி, மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு ஆண்டுதோறும் அனுப்பியாக வேண்டும். அந்தக் கணக்கில் ஏறாத ஒரு கூட்டம் எல்லா நல்ல பூங்காக்களிலும் உண்டு. வண்டலூரில் நீர்ப்பறவைகளின் அடைப்புக்கு மேலே, கம்பிவலையின் மீது உட்கார்ந்திருந்த வக்கா என்னும் கொக்கினப் பறவை ஒன்றைக் காட்டி, அது உள்ளேயிருந்து தப்பி வந்துவிட்டதா என்று அங்கிருந்த காப்பாளரிடம் ஒருமுறை கேட்டேன். "அது நம்ம கணக்குல இல்லைங்க, தானா வந்தது" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்தார். வலைக்குள்ளே அதே இனத்தைச் சேர்ந்த பறவைகள் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தன. வெளியே இருந்ததும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

தானாக வருகிற பறவையை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதற்குத் தண்ணீர் வேண்டும், கூடு கட்ட உயரமான மரம் வேண்டும், கல்லெறியும் கைகள் குறைவாக இருக்க வேண்டும், இரவில் தொல்லை இருக்கக் கூடாது. இவை நான்கும் ஓரிடத்தில் அமைந்திருந்தால், அடைப்புகளுக்குள் இருக்கும் விலங்குகளுக்கும் அவற்றின் பயன் ஓரளவு கிடைத்துக்கொண்டிருக்கும் என்பது என் கணிப்பு. சிமெண்டுத் தரையும் தகரக் கூரையுமாக நிற்கும் சில சிறிய பூங்காக்களுக்கும் நான் போயிருக்கிறேன். அங்கே அழைக்காமல் வந்து சேர்பவை காக்கையும் தெருநாயும் மட்டுமே, அவையும் பார்வையாளர் வீசியெறிந்த பொட்டலங்களை நம்பி வந்தவை.

இந்த அளவுகோலின்படி எனக்கு முதலிடத்தில் நிற்பது, பெரும்பாலோர் உயிரியல் பூங்கா என்றே நினைக்காத ஓரிடம்: கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை. 1976-இல் ராமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கிய இந்தப் பண்ணையின் பரப்பு எட்டரை ஏக்கர்தான். வண்டலூரைச் சுற்றிவந்த கால்களுக்கு இது ஒரு தோட்டம்போலத் தெரியும். தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்திய முதலைகள் மூன்று இனமும் அருகிப்போயிருந்த காலம் அது. சதுப்புநில முதலை, உவர்நீர் முதலை, ஒல்லியான நீண்ட மூக்குள்ள கரியல் ஆகிய மூன்றையும் காப்பகத்தில் பெருக்கி, ஆறுகளுக்கும் அணைகளுக்கும் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் தொடக்கத் திட்டம். பெருக்கும் வேலை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. பிற உயிரினக் காப்பகங்கள் ஒரு குட்டிக்காகத் தவம் கிடக்க, இங்கே சதுப்புநிலப் பெண் முதலைகள் ஒரே பருவத்தில் இரண்டு முறை முட்டையிடத் தொடங்கின. காட்டில் விடுவதற்கான இடங்களோ நிரம்பிவிட்டன. பெருகிப்போன முதலைகளை என்ன செய்வது என்பதே பின்னாளில் பண்ணையின் தலைவலி ஆயிற்று. அண்மை ஆண்டுகளில் ஓராயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப அனுமதி கிடைத்து, அது உயர்நீதிமன்றம் வரை போய்வந்த செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள்.

முதலைப் பண்ணைக்குள் நுழைந்ததும் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, வாயைப் பிளந்தபடி, கல்லா உயிரா என்று தெரியாமல் அவை கிடப்பதைப் பார்த்து, இது பொம்மையா என்று எந்தக் குழந்தையாவது கேட்காமல் இருந்ததில்லை. நான் பரிந்துரைப்பது, சற்று நேரம் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதே. முதலைகள் கிடக்கும் குளங்களுக்கு மேலே கவிந்திருக்கும் மரங்களில் கொக்குகளும் வக்காக்களும் கூடு கட்டுகின்றன. அடியில் இத்தனை பற்கள் இருக்கும் இடத்தை விட்டால் வேறு மரமே கிடைக்கவில்லையா என்று முதலில் வியப்பாக இருக்கும். யோசித்தால் கணக்குச் சரியாகவே இருக்கிறது. முட்டை திருடும் பூனையும் கீரியும் மரநாயும் முதலைக் குளத்தைத் தாண்டி வந்து மரமேறத் துணியமாட்டா. அதற்கான வாடகையாக, கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சு ஒன்றிரண்டு கீழே உள்ளவர்களுக்குப் போய்ச் சேர்கிறது. நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் வந்து கூடு கட்டும் வேடந்தாங்கலில், ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவந்ததற்கு அவற்றின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது ஒரு காரணம் என்பார்கள். வடநெம்மேலியில் அந்த ஒப்பந்தத்தின் மறுதரப்பில் முதலைகள் இருக்கின்றன, அவ்வளவுதான் வேறுபாடு.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு வில்லங்கமும் உண்டு. 2007-இல் இதே பண்ணையில் ஓர் ஆய்வாளர் ஒன்றைக் கவனித்தார்: சதுப்புநில முதலை ஒன்று ஆழமில்லாத நீரில், தன் மூக்கின் மேல் சிறு குச்சிகள் கிடக்க, அசையாமல் கிடந்தது, கூடு கட்டக் குச்சி தேடிவந்த கொக்கு அருகே நெருங்கியதும் பாய்ந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து முதலைகளிடமும் இதேபோன்ற நடத்தையைக் கண்டு, ஊர்வனவற்றில் கருவியைப் பயன்படுத்தும் உத்தி இது என்று 2013-இல் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. குச்சி மிதந்து வந்து மூக்கில் தங்கியது தற்செயலா, முதலை வேண்டுமென்றே வைத்துக்கொண்டதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் ஆய்வாளன் இல்லை. ஆனால் இதைப் படித்த பிறகு, வடநெம்மேலியில் குளத்து விளிம்பில் குச்சிகளுக்கு நடுவே கிடக்கும் எந்த முதலையையும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கட்டைச்சுவரில் சாய்ந்துகொண்டு அரைமணி நேரம் ஒரே முதலையைப் பார்த்து நிற்பவனைக் கடந்துபோகிறவர்கள், அது எப்போது அசைந்தது என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

பண்ணையின் வேறு சில சுவையான செய்திகளையும் சொல்லிவிடுகிறேன், அவை பார்வையைக் கூர்மையாக்கும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை பெண் முதலைகள் மணலில் குழிதோண்டி முட்டையிடும். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மண்ணின் சூடே தீர்மானிக்கிறது, 32.5 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் பெரும்பாலும் ஆண்கள், அதைவிடக் குறைந்தால் பெண்கள். இதைத் துல்லியமாக வரையறுத்த ஆய்வுகளில் இந்தப் பண்ணைக்கும் பங்கு உண்டு. பொரிக்கும் தறுவாயில் குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்தே குரல் கொடுக்க, தாய் வந்து மணலைத் தோண்டி, குஞ்சுகளை வாயில் கவ்விக்கொண்டுபோய்த் தண்ணீரில் விடும். தந்தை முதலையும் இந்த வேலையில் இறங்கியதை இங்கே பதிவு செய்திருக்கிறார்கள். மே மாதத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போயே ஆக வேண்டுமென்றால், கடற்காற்றும் குஞ்சுகளும் ஒருசேரக் கிடைக்கும் இந்த இடத்துக்குக் காலையில் போகலாம்.

வளாகத்துக்குள்ளேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் நஞ்செடுக்கும் கூடமும் இருக்கிறது. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் இருளர் மக்களின் பிழைப்பைப் பறித்த பின், அவர்களுடைய அறிவை வேறு வழியில் பயன்படுத்த 1978-இல் தொடங்கிய சங்கம் இது. நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்து, நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டித் திரும்ப விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க நாட்டுக்குத் தேவைப்படும் நஞ்சில் மிகப் பெரும்பகுதி இங்கிருந்தே போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது நினைவிருக்கலாம். செயல்விளக்கம் காட்டுபவர் பானையின் வாயைக் கட்டிய துணியை அவிழ்க்கும்போது முன்வரிசையில் ஏற்படும் சலசலப்பும், அவர் கையில் வளைந்த கம்பி ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்று புரிந்தபின் ஏற்படும் அமைதியும் எந்தச் சிங்க உலாவிலும் கிடைக்காதவை. இந்தப் பாம்புகளுக்கு இது சில வாரத் தங்கல்தான் என்பதும், பூங்காக் கூண்டுகளைப் பற்றி எனக்குள்ள உறுத்தலை இந்த ஓரிடத்தில் குறைக்கிறது.

இனி வண்டலூர். இதன் வரலாறு எழும்பூரில், அருங்காட்சியக வளாகத்தில் தொடங்குகிறது. அங்கே பொறுப்பிலிருந்த எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகளை வைத்தால் அருங்காட்சியகத்துக்கே கூட்டம் கூடுவதைக் கண்டு, 1855-இல் ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். கர்நாடக நவாபும் தம் விலங்குகளைக் கொடுத்தார். 1861-இல் அது சென்ட்ரல் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தது. அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் விலங்குகள் இருந்த இடத்தை உயிர் காலேஜ் என்றும் சென்னைவாசிகள் அழைத்ததை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பிகளுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்த புலியைப் பற்றி அப்பா சொல்லும்போது, அந்தப் புலியைவிட அந்த நடைதான் அவர் மனத்தில் பதிந்திருந்தது தெரியும். நகரம் நெருக்கியதால் 1979-இல் வண்டலூர்க் காப்புக்காட்டில் 1265 ஏக்கர் ஒதுக்கப்பட்டு, 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். பின்னர் சேர்த்த நிலத்தோடு இன்று 602 ஹெக்டேர். இந்தியாவின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களில் ஒன்று என்று பெருமை பேசிக்கொள்ளப் போதுமான பரப்பு.

பரப்புதான் வண்டலூரின் பலம். பார்வையாளர் திட்டுவதும் அதையேதான். ஓர் அடைப்புக்கும் அடுத்த அடைப்புக்கும் நடுவே வெறும் காடாக இருக்கிறதே, எவ்வளவு தூரம் நடப்பது என்று கேட்பார்கள். அந்த வெறும் காடு எனக்குப் பிடிக்கும். அடைப்புக்கு உள்ளே மான் நிற்க, வெளியே இருக்கும் மரத்தில் மயில் அகவும். கவிகை போட்டாற்போல நிற்கும் மரங்களின் அடியில் கீரி ஓடும். காலை ஒன்பது மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன், நுழைவாயிலிலிருந்து வெகு தொலைவுக்கு நடந்துவிட்டால், சென்னைக்கு மிக அருகில் இப்படி ஒரு நடை வேறெங்கும் வாய்க்காது. 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துப் பூங்காவையே பல வாரம் மூடவைத்தபோது, ஒரு விலங்கு இறந்ததைப்போலவே அந்த மரங்களுக்காக வருந்தியவர்கள் என்னைத் தவிரவும் பலர் இருந்தார்கள். அடுத்த கோடையில் போனபோது, நிழலில் நடந்து பழகிய பாதைகளில் வானம் தெரிந்தது. வெயில் தாங்காமல் பாதியில் திரும்பினோம்.

ஓட்டேரி ஏரியைச் சொல்லாமல் வண்டலூரைப் பற்றி எழுதுவது நியாயமில்லை. பூங்காவுக்குள்ளேயே இருக்கும் இந்த ஏரி வடகிழக்குப் பருவமழையை நம்பியது. மழை பொய்த்தால் வறண்டு விரிசல் விடும், நன்றாகப் பெய்தால் கார்த்திகையிலிருந்து மாசி வரை பறவைகளால் நிறையும். நீர்க்காகம், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை என்று வேடந்தாங்கலில் தொலைநோக்கி வைத்துத் தேட வேண்டிய பறவைகள் இங்கேயும் வருகின்றன. புலி அடைப்பில் நான்கு வரிசை ஆட்கள் நிற்கும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஏரிக்கரையில் பத்துப் பேரைக் காண்பது அரிது. பள்ளிச் சுற்றுலாவாக வந்த ஒரு வகுப்பு அந்தப் பக்கம் வழிதவறி வந்துவிட, பாம்புத்தாரா ஒன்று நீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டியதைக் கண்டு பிள்ளைகள் பாம்பு, பாம்பு என்று கத்தினார்கள். அது எழுந்து பட்டுப்போன மரத்தில் உட்கார்ந்து சிறகுகளை விரித்து உலர்த்தத் தொடங்கியபோது எழுந்த கூச்சல், அன்று எந்தச் சிங்கத்துக்கும் கிடைத்திருக்காது.

இதற்கு ஒரு நண்பர் எப்போதும் சொல்லும் எதிர்வாதம் உண்டு. தானாக வரும் பறவைதான் வேண்டுமென்றால் பள்ளிக்கரணைக்கோ வேடந்தாங்கலுக்கோ போகலாமே, எதற்குப் பூங்காவுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பார். நியாயமான கேள்விதான். என் பதில், பூங்காவில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது என்பது. வலைக்குள் இருக்கும் கூழைக்கடாவை ஐந்தடி தூரத்தில் நின்று, அதன் அலகுப் பை எப்படி விரிகிறது, கண்ணைச் சுற்றி என்ன நிறம் என்றெல்லாம் பார்த்துவிட்டு, அடுத்த நிமிடம் ஏரிக்கு மேலே வட்டமிடும் இன்னொரு பறவையை அதே இனம் என்று அடையாளம் காணலாம். பறவைகளின் பெயர்களை நான் கற்றது இப்படித்தான். அதோடு, அடைபட்டிருப்பது எதை இழந்திருக்கிறது என்பதையும் கண்ணெதிரே ஒப்பிட்டுப் பார்க்க நேர்கிறது. அது மகிழ்ச்சியான ஒப்பீடு இல்லை. அதை மறைத்துவிட்டுப் பூங்காவை ரசிக்க எனக்கு விருப்பமும் இல்லை.

கிண்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1972-இல் அங்கே வந்த பாம்புப் பண்ணையும், அதை ஒட்டிய சிறுவர் பூங்காவும் ஒரு மாலைப்பொழுதுக்குப் போதுமானவை. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு வண்டலூரைவிட இதுவே நல்லது. பின்னாலுள்ள தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் நரியும் வாழ்கின்றன. நகரத்தின் நட்டநடுவில் 270 ஹெக்டேர் காடு தப்பிப் பிழைத்திருப்பதே ஒரு வியப்பு. பக்கத்து ஐ.ஐ.டி. வளாகத்தில் மிதிவண்டிகளுக்கு இடையே மான்கள் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு, கூண்டுக்குள் மானைப் பார்ப்பதில் சுவாரசியம் குறைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வெளியூர்ப் பூங்காக்களில் மைசூரு நம்மவர்களுக்கு நன்கு தெரிந்தது. 1892-இல் அரண்மனையின் பூங்காவாகத் தொடங்கிய அது, நடப்பதற்கு ஏற்றபடி அமைந்தது. வண்டலூரைப்போல ஆளை அயர்த்தாமல், பாதையை விட்டு விலகாமல் நடந்தாலே எல்லாவற்றையும் காட்டிவிடும். பழைய மரங்கள், சுத்தமான பாதை, ஒட்டகச்சிவிங்கி, மனிதக் குரங்குகள் என்று குறை சொல்ல எதுவுமில்லை. பக்கத்திலேயே காரஞ்சி ஏரி இருப்பதால் என் அளவுகோலிலும் தேறிவிடுகிறது. பூங்காவை முடித்துக்கொண்டு பேருந்துக்கு ஓடாமல், ஏரிக்குத் தனிச் சீட்டு வாங்கி ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். தீவுகளில் கூழைக்கடாக்களும் நாரைகளும் கூட்டமாக இருக்கும்.

டெல்லியின் பூங்காதான் இந்த அளவுகோலை நியாயப்படுத்தும் சிறந்த சான்று. புராணா கிலாவின் மதிலை ஒட்டி 1959-இல் அது திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, யாரும் அழைக்காமல், சங்குவளை நாரைகள் வந்து குளத்து மரங்களில் கூடு கட்டத் தொடங்கின. அன்றிலிருந்து ஆவணி, புரட்டாசி வாக்கில் வந்து குஞ்சு பொரித்து, வெயில் ஏறும்போது போய்விடுவது வழக்கமாகிவிட்டது. மஞ்சள் அலகும் இளஞ்சிவப்பு வால்புறமுமாக, நூற்றுக்கணக்கில், ஒரு மரத்துக்குப் பத்துக் கூடுகள் என்று நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அவற்றின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வெள்ளைப்புலியைப் பார்க்க வந்த என் மாமா குடும்பம் இந்த மரங்களுக்கு அடியில்தான் அதிக நேரம் இருந்தது. மாமி மட்டும் புடவையில் எச்சம் விழுந்ததைப் பற்றி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அழையா விருந்தாளிகளால் ஆபத்தும் உண்டு என்பதற்கும் டெல்லியே சான்று: 2016 அக்டோபரில் நாரைகள் பறவைக் காய்ச்சலால் இறக்க, பூங்காவை மூட வேண்டியதாயிற்று. காட்டுப் பறவையும் கூண்டுப் பறவையும் ஒரே குளத்தைப் பகிர்ந்துகொள்ளும் எல்லா இடத்துக்கும் இந்த அச்சம் பொருந்தும். காப்பாளர்கள் வக்காக்களை என்னைப்போல ரசிக்காததற்குக் காரணம் இருக்கிறது.

டெல்லிக்கு வந்த நாரைகளுக்கும் கொழும்புக்கும் ஜெர்மனிக்கும் ஒரு தொடர்பு இருப்பதைப் பிற்பாடு படித்தறிந்தேன். கம்பிகளுக்குப் பதிலாக அகழி வெட்டி, விலங்கைத் திறந்தவெளியில் காட்டும் முறையை 1907-இல் ஹாம்பர்க் நகரில் பெருமளவில் செய்துகாட்டியவர் கார்ல் ஹாகன்பெக். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜான் ஹாகன்பெக் கொழும்பை அடுத்த தெஹிவளையில் வைத்திருந்த விலங்குத் தொகுப்பை இலங்கை அரசு 1936-இல் எடுத்துக்கொண்டது. டெல்லியில் பூங்கா அமைக்க முதலில் ஆலோசனை கேட்கப்பட்டவர் தெஹிவளையின் ஆப்ரி வைன்மன்; வடிவமைப்பை முடித்துக்கொடுத்தது ஹாம்பர்க்கின் ஹாகன்பெக் நிறுவனம். 1973-இல் சிங்கப்பூர் பூங்கா திறக்கப்பட்டபோது அதற்கு வழிகாட்டியவரும் தெஹிவளையின் இயக்குநராக இருந்த லின் டி அல்விஸ்தான். விலங்குக்கும் மனிதருக்கும் நடுவிலிருந்த கம்பியை எடுத்துவிட்டுத் தண்ணீரை வைத்தார்கள். தண்ணீரைக் கண்ட பறவைகள் தாமே வந்தன. திட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்தார்களோ இல்லையோ, எனக்குப் பிடித்த பூங்காக்கள் பெரும்பாலும் இந்த அகழிகளின் வழிவந்தவையாகவே இருக்கின்றன.

தங்கை குடும்பம் சிங்கப்பூரில் இருப்பதால் அந்தப் பூங்காவும் எனக்குப் பழக்கமாயிற்று. குடிநீர் தேக்கத்துக்காகக் காக்கப்பட்ட காட்டின் விளிம்பில், நீர்த்தேக்கத்தை ஒட்டி அது அமைந்திருக்கிறது. ஒராங்குட்டான்கள் தலைக்கு மேலே கயிறுகளில் போவதும், 1994-இல் தொடங்கிய இரவு உலாவும் உலகப் புகழ் பெற்றவை. அவற்றைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கும் வசதியும் அதிகம், நுழைவுக் கட்டணமும் அப்படியே. நம் ரூபாயில் பெருக்கிப் பார்க்கக் கூடாது என்று தங்கை தடை விதித்திருக்கிறாள். "அண்ணா, இங்க வந்தும் ஓணானைத்தான் பார்ப்பீங்களா?" என்று அவள் கேட்டது, பாதையின் குறுக்கே சாவகாசமாக நடந்துபோன ஒரு நீருடும்பைப் பின்தொடர்ந்து நான் அரை மணி நேரம் போனபோது. ஆறடி நீளமிருக்கும் அதைக் கூண்டுக்குள் வைத்திருந்தால் காட்சிப்பொருள். வழியில் நடந்துபோனதால் பலர் வெறும் இடையூறாக நினைத்து ஒதுங்கினார்கள். நெடுவால் குரங்குகளும் அக்கம்பக்கத்துக் காட்டிலிருந்து வந்து, சாப்பாட்டு மேசைகளை நோட்டம் பார்த்துவிட்டுப் போகின்றன.

போகிறவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள் சில. வண்டலூருக்கு மின்தொடர் வண்டியில் போவது எளிது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்தபிறகு வெளியூரிலிருந்து நேரே இறங்குகிறவர்களுக்கும் அது பக்கமாகிவிட்டது. கார்த்திகை முதல் மாசி வரை போங்கள், கதவு திறக்கும்போதே போங்கள், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பிடித்த அடைப்பு ஒன்றும் ஏரிக்கரையும் போதும். தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் போகாதீர்கள். தின்பண்டத்தை வெளியே எடுத்தால் குரங்குகள் வந்து பங்கு கேட்கும்; அந்த விருந்தாளிகளை நானும் வரவேற்பதில்லை. வடநெம்மேலிக்கு மாமல்லபுரம் போகும் பேருந்துகளில் ஏறி முதலைப் பண்ணை என்று கேட்டு இறங்கலாம். உயிரியல் பூங்கா விதிகளின்படி வாரம் ஒருநாள் பார்வையாளர் இல்லாமல் விலங்குகளுக்கு ஓய்வு தர வேண்டும். வண்டலூருக்கும் மைசூருவுக்கும் அது செவ்வாய்க்கிழமை, முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை. ஆகவே திங்களன்று விடுப்பு கிடைத்தால் வண்டலூருக்கும், செவ்வாயன்று கிடைத்தால் வடநெம்மேலிக்கும் போகலாம்.